ஓட்டுநர் பக்கம்

பழைய ஸ்டீரியோ இருந்த இடத்தில்
ஒரு சதுர ஓட்டை.
குளிர்காற்று வருகிறதென்று போஜன்
கம்பளித் தொப்பியை அதில் திணித்திருந்தான்.
நான்கு ஒயர்கள் மட்டும் வெளியே
மீசை மாதிரி.

ஜூலை. செவ்வாய்க்கிழமை.
சீசனுக்கு வந்தவர்கள் எல்லாம் இறங்கிப்போய்
ஊட்டி தன் அளவுக்குச் சுருங்கியிருந்தது.
சேரிங்கிராஸில் எங்களோடு
ஒரு டவுன் பஸ், நனைந்த குதிரை ஒன்று.
டிராஃபிக் போலீஸ்காரர் குடைக்குள்ளிருந்து
மூன்று பேருக்கும் ஒரே கையால் வழிவிட்டார்.

போஜன் பேசிக்கொண்டே ஓட்டினான்.
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது, அவன் பக்கம்.
என் பக்கத்து ஊட்டி
முழுக்க நீர்த்துளி.
அவன் சிரித்தபோது சிரித்தேன்.
அவன் நிறுத்தியபோது ஆமாம் என்றேன்.
இந்த இரண்டை வைத்துக்கொண்டு
ஒரு ஆள் எவ்வளவு தூரம் போகலாம் என்பது
எனக்குத் தெரியும்.

கமர்ஷியல் ரோட்டில் முதல் கடை.
போர்டில் கார் ஆடியோ, உள்ளே செல்போன் உறைகள்.
"அதெல்லாம் இப்ப யார் சார் வாங்கறாங்க,
வண்டியிலேயே வருதே" என்ற பையன்
எங்கள் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு
ஸாரி என்றான்.

எட்டின்ஸ் ரோட்டில் இன்னொன்று.
கேஸ் சிலிண்டர் பருமனில் ஒரு வூஃபர்.
போட்டதும் அலமாரியில் ஹார்ன்கள் நடுங்கின,
மாடி லாட்ஜில் யாரோ தரையை உதைத்தார்கள்.
எனக்கு அது நெஞ்சில் கேட்டது.
"இதையே வாங்கு" என்றேன்.
பச்சைத் தேயிலையில் எத்தனை மூட்டை என்று
போஜன் விரலில் கணக்குப் போட்டான்.
விரல் போதவில்லை.

கடைசியில் லவ்டேல் பிரிவுக்குப் பக்கம்
இக்னேஷியஸின் பட்டறை.
எல்லாம் அடிபட்ட வண்டிகளில் கழற்றியவை.
"ஆனா ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்று
நாங்கள் கேட்காமலே சொன்னார்.
கதவுக்கொன்றாக ஸ்பீக்கரைப் பொருத்தி,
பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு
"டிக் டிக்குனு வரும், எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்றார்
என்னைப் பார்த்து.
இடது என்றேன்.
"இப்ப?"
இடது.
ஒயரை மாற்றிச் சொருகினார். "இப்ப?"
இடது.
மறுபடி மாற்றினார். கனெக்டரை வாயால் ஊதினார்.
இடதுதான்.

பன்னிரண்டு வருடம்
ரோலர் மெஷினுக்கு வலக்காதைக் கொடுத்து நின்றவனுக்கு
உலகத்தின் சத்தம் எல்லாம்
இடப்பக்கமிருந்துதான் வரும்.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் ஷிஃப்டை மாற்றுவார்கள்,
அப்புறம் ஆளையே மாற்றுவார்கள்.

ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி போஜன்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் முழங்காலுக்குப் பக்கத்தில்
வலது ஸ்பீக்கர் டிக் டிக் என்று அடித்திருக்க வேண்டும்.
"அண்ணே, ஒயர் சரியாத்தான் இருக்கு" என்றான்.

இரண்டாயிரத்து எண்ணூறு. பில் கிடையாது.
வெளியே வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினான்.
"நீ ஓட்டு."

கேத்திப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க மேகம்,
பால் பொங்கி அடுப்பை அணைத்த மாதிரி.
என் முன்னால் வைப்பர்
போய் வந்து போய் வந்து
ரோட்டைத் துடைத்துத் தந்தது.
புது ஸ்டீரியோவில் நீல விளக்கு மட்டும் எரிந்தது.
போஜன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு
என் இடக்காதுக்குச் சொன்னான்:

"சேரிங்கிராஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.
அங்க சொன்னது குதிரையைப் பத்தி, அதை விடு.
ஸ்டேஷன்கிட்ட ஒண்ணு கேட்டேன்.
மைசூருக்குப் போயிடப் போறேன், எங்க அண்ணன் கடைக்கு.
கல்லட்டி இறக்கத்துல தூங்காம இருக்கத்தான் பாட்டு.
ஃபாக்டரியை விட்டுட்டு நீயும் வர்றியான்னு கேட்டேன்.
ஆமான்னு சொன்னே."

கியரை மாற்றினேன்.
முன்னால் போன காய்கறி லாரியில்
கேரட் மூட்டைகள் நனைந்துகொண்டே போயின.
"எப்போ?" என்றேன்.

"அதையும் சொன்னேன்" என்றான்.